விளையாட்டு: பழக்கமா, உரிமையா?

இக்காலத்துக் குழந்தைகள் உடலை அசைப்பதே இல்லை என்ற குறை ஆசிரியர் ஓய்வறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. சோம்பல், கைத்தொலைபேசி மோகம், ஒழுக்கக் குறைவு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. விரல்கள் யாவும் குழந்தையை நோக்கியே நீளுகின்றன. ஒரு பழக்கம் மனிதரிடம் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு நிலைக்கிறது என்பதை ஆராயாமல், அது வாய்க்காதவரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகுமா?

2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த கணிப்பின்படி, பதினொன்று முதல் பதினேழு வயது வரையான உலகப் பிள்ளைகளில் 81 வீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளின் நிலை மோசம். ஐந்து பேரில் நால்வரிடம் காணப்படும் குறையைத் தனிமனிதச் சோம்பல் என்று எவ்வாறு கூறுவது? அது சமுதாயத்தின் அமைப்பிலேயே உள்ள குறையன்றோ?

நற்பண்பு போதனையால் வருவதன்று, நற்செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது என்றார் அரிஸ்டாட்டில். உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பச் செய்வதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், செய்வதில் மகிழ்ச்சியும் வேண்டும். இவற்றைப் பங்கிடுவது சமுதாயமே. அந்தப் பங்கீடு எவ்வாறு நடக்கிறது?

முதலில் இடம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் ஒருகாலத்தில் முற்றமுள்ள வீடுகள் இருந்தன. இன்று அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல இங்கே அடைக்கலம் தேடின. நிலத்தின் விலை ஏற ஏற முற்றம் மறைந்தது. கடல் அருகில்தான் இருக்கிறது. ஆனால் இரயில் பாதையைத் தாண்டித் தன் பிள்ளையைத் தனியே அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். அவளைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலோ சந்துகளில் முச்சக்கர வண்டிகளுக்கு இடையே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சுகததாச விளையாட்டரங்கு தொலைவில் இல்லை. எனினும் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கு அன்றாடம் ஓடியாடும் முற்றத்துக்கு ஈடாகாது.

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்நடைபாதையை, கொழும்பின் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக ஆளுநர் ஹென்றி வார்ட் அதிலே பொறித்துவைத்தார். அந்த வெள்ளைக்கார ஆளுநரின் மனத்தில் இருந்தவை யார் வீட்டுக் குழந்தைகள் என்பது வேறு விடயம். ஆயினும் அவ்வாசகத்தை அதன் முழுப் பொருளில் எல்லாக் குழந்தைகளுக்குமாக இன்று நாம் கோரலாம் அல்லவா?

அடுத்தது நேரம். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது, கன்னங்கராவின் சீர்திருத்தங்களோடு வளர்ந்தது புலமைப்பரிசில் முறை. ஏழைப் பிள்ளையும் நல்ல பாடசாலையை அடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பிள்ளைகள் பத்து வயதில் அப்பரீட்சையை எழுதுகிறார்கள். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் வீட்டுப்பாடம். பாரதி தன் பாப்பாவின் விளையாட்டுக்கு ஒதுக்கிய மாலைப்பொழுதைச் சந்தை வாங்கிக்கொண்டுவிட்டது.

"பிள்ளையைக் கொஞ்சம் விளையாட விடுங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் கொட்டாஞ்சேனைத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு அப்பரீட்சை வெறும் பரீட்சையன்று; தன் மகன் ஏறக்கூடிய ஒரே ஏணி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏணிகள் பல. ஆகவே, பரீட்சையா விளையாட்டா என்று அந்தத் தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அறமாகாது. அத்தேர்வுக்கே அவசியமில்லாத நிலையை உண்டாக்குவதுதான் அறம். அதற்கு உகந்த இடம் பாடசாலை. ஏழையும் செல்வனும் கட்டணமின்றி ஒரே மணலில் ஓடக்கூடிய இடம் அது ஒன்றே.

அப்பாடசாலை என்ன செய்கிறது? கணிதப் பாடம் பின்தங்கினால் உடற்கல்விப் பாடவேளையைப் பறித்துக்கொள்கிறோம். வீட்டுப்பாடம் செய்யாத சிறுவனைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறோம். ஓட்டம் தண்டனை என்று ஏழு வயதில் கற்றவன் முப்பது வயதில் விரும்பி ஓடுவானா? இல்ல விளையாட்டுப் போட்டியில் விரைவாக ஓடுபவர் சிலர். நிழலில் இருந்து கைதட்டுவோர் பலர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தை நாம் பெருமையோடு நினைப்பது தகும். ஆனால் பந்தயத்தில் என்றும் வெல்லாத பிள்ளைக்கும் ஓர் உடல் உண்டு. அதைப் பற்றி நினைப்பவர் யார்? "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி ஓடாதே" என்று கேட்கும் சிறுமியைப் பற்றி நினைப்பவர் யார்?

பழக்கம் நிலைப்பது கட்டளையால் அன்று; மகிழ்ச்சியாலும், கூட்டாளிகளாலும், "என்னாலும் முடிகிறது" என்ற உணர்வாலும். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் நகர ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 2012இல் எளிய வழக்கம் ஒன்று தொடங்கியது. நாள்தோறும் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் வெளியே வந்து தத்தம் வேகத்தில் ஓடுவார்கள், அல்லது நடப்பார்கள். சீருடை மாற்ற வேண்டியதில்லை, பந்தயமும் இல்லை. அவ்வழக்கம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நம்மிடம் கிளித்தட்டு இருக்கிறது. தரையில் சில கோடுகள் போதும். கருவி வேண்டாம், காசும் வேண்டாம். மறிப்பவருக்கும் வேலை உண்டு, தாண்டுபவருக்கும் வேலை உண்டு. கைதட்ட மட்டும் என்று அதில் எவரும் ஒதுக்கப்படுவதில்லை.

நாள்தோறும் சராசரி அறுபது நிமிட உடலியக்கம் பிள்ளைகளுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை; 1991இல் இலங்கை அதை ஏற்றுக்கொண்டது. உரிமை என்று ஏற்றபின் அதைக் கருணையாக வழங்க முடியாது. தண்டனையாகப் பறிக்கவும் முடியாது.

ஆசிரிய நண்பர்களே, நகரத்தின் நிலத்தை மீட்பதும் பரீட்சை முறையைத் திருத்துவதும் நீண்ட போராட்டம். அதில் நாம் அணிதிரள வேண்டும். ஆனால் பறித்த பாடவேளையைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே அதைச் செய்யலாம்.