ஆறு மணி நேரத் தொலைவு

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானத்துக்கு அதைக் கடக்க ஆறு மணி நேர அளவே போதும். ஜித்தாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியது. ஆகவே காலை எட்டு மணிக்கு இங்கே புறப்படுகிறவர், அங்கே முற்பகல் பதினொன்றரை மணிக்கே இறங்கிவிடுகிறார்.

நம் பாட்டனார் காலத்தில் இப்பிரயாணம் இவ்வளவு எளிதாகவா இருந்தது? பம்பாய் வரை ரயிலில் சென்று, அங்கே கப்பலேறி, ஒரு வாரமோ அதற்கு மேலோ கடலில் கழித்த பின்னரே அவர்கள் ஜித்தாவைக் கண்டார்கள். புறப்படுமுன் கடன்களைத் தீர்த்தார்கள். உற்றார் உறவினரிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். திரும்பி வருவோம் என்ற உறுதி அவர்களுக்கு இல்லை. இந்தியாவிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் 1995-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

தொலைவு சுருங்கிவிட்டது. அதனோடு நம் பொறுப்பும் சுருங்கியதா என்பதே கேள்வி.

ஹஜ் எல்லோர்மீதும் விதிக்கப்பட்டதன்று. சென்று வரச் சக்தி பெற்றோர்மீதே அது கடமை. இதிலுள்ள நீதியைச் சற்றுச் சிந்திப்போம். இயலாதவனிடம் கேள்வி இல்லை. இயலும்போது சாக்குக்கு இடமில்லை. ஆற்றல் வளரும் அளவுக்குக் கடமையும் வளர்கிறது.

இவ்வளவுகோலை உறவுகளுக்கும் வைத்துப் பார்க்கலாமன்றோ? அக்காலத்தில் கடல் கடந்து பிழைக்கச் சென்ற மகன் ஆண்டுக்கணக்கில் வராதிருந்தால், தாய் கடலை நொந்துகொண்டாள், மகனை நோகவில்லை. இன்று ஜித்தாவில் வேலை பார்க்கும் மகனுக்கும் தாய்க்கும் நடுவே இருப்பது ஆறு மணி நேரம். இனி அவள் எதை நொந்துகொள்வாள்?

ஆயினும் எல்லா மகன்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. விமானம் ஆறு மணி நேரத்தில் வந்துவிடும். விடுமுறையோ பலருக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. உம்மாவின் மரணச் செய்தி நொடியில் எட்டுகிறது. அடக்கத்தைத் தாமதிக்கலாகாது என்பதால், அவன் அனுமதியும் பயணச்சீட்டும் பெறுவதற்குள் மண்ணறை மூடப்பட்டுவிடுகிறது. அத்தகைய ஏழைத் தொழிலாளிக்கு ஜித்தா இன்னமும் கப்பல் காலத்துத் தொலைவில்தான் இருக்கிறது. அவனைக் குறை கூற நாம் யார்? விடுப்புக் கொடுக்க அதிகாரம் பெற்றவரே அத்தொலைவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆனால் கையில் பணமும் விடுமுறையும் இருந்தும், "தூரமாயிற்றே" என்று சொல்லிக்கொண்டிருப்போரும் நம்மிடையே உளர். அவ்வளவு ஏன்? அடுத்த தெருவிலேயே தாய் இருக்க, மாதக்கணக்கில் அவள் வாசலை மிதிக்காதவர்களும் உளர். அவர்களுடைய தூரத்தைக் குறைக்கும் விமானம் எங்கும் இல்லை. வழி அடைபட்டிருந்தவரை வராமை விதியாக இருந்தது. வழி திறந்த பின் அது நாம் செய்யும் செயலாகிவிடுகிறது. அதற்கான கணக்கும் நம்மிடமே கேட்கப்படும்.