உடன்செல்லலும் சென்றடைதலும்

பயணமொன்றை நிறைவேற்றுதல் என்பது யாது? புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடத்தலே நிறைவு எனின், அதனை ஒருவர் செய்யினும் இருவர் செய்யினும் வேறுபாடில்லை. ஆயின், இருவர் ஒருங்கே புறப்பட்ட நெடும்பயணத்தில் ஒருவர் மட்டும் சென்றடைந்தால், அப்பயணம் நிறைவேறியது என்று கூற நாம் தயங்குகின்றோம். இத்தயக்கத்தின் அடியில் ஓர் அறவியல் வினா உள்ளது. உடன்வருபவர் பின்தங்கும்போது முன்செல்பவரின் கடமை யாது? துவிச்சக்கர வண்டிப் பயணத்தை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவிச்சக்கர வண்டியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பஸ் வண்டியும் புகையிரதமும் வலியவரையும் மெலியவரையும் ஒரே வேகத்திற் கொண்டுசெல்வன. நடைப்பயணத்தில் வலியவர் தம் அடியைச் சுருக்கி மெலியவரோடு ஒத்துச் செல்லலாம். துவிச்சக்கர வண்டியின் இயல்போ வேறு. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியை நோக்குக. கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என 70 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அவ்வழி, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் ஏறுகின்றது. றம்பொடைக்கு அப்பால் தேயிலை மலைகளின் விலாவில் வீதி வளைந்து வளைந்து செல்லும். அவ்வேற்றத்தில் ஒவ்வொருவரும் தம் உடற்பாரத்தைத் தம் காலாலேயே உயர்த்த வேண்டும். ஒருவரின் வலிமையை மற்றவருக்குக் கடனாகக் கொடுத்தல் இயலாது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குன்றினால் வண்டி நிலைதளர்ந்து சாயுமாதலின், வலியவர் மெலியவரின் வேகத்துக்குத் தம்மைக் குறைத்துக்கொள்ளுதலும் எளிதன்று. அவர் செய்யக்கூடியது ஒன்றே: அடுத்த வளைவில் இறங்கி நின்று காத்திருத்தல்.

காத்திருத்தல் செயலின்மை போலத் தோன்றும். ஆயினும் அதற்கு ஒரு விலையுண்டு. மலைக்காற்றில் வியர்வை குளிரும், கால்கள் இறுகும், பனிமூட்டம் இறங்குமுன் போய்ச்சேரும் வாய்ப்புக் குறையும். இவற்றை அறிந்தும் நிற்பவர், ‘நான் சேர்தல்’ என்னும் இலக்கை விடுத்து ‘நாம் சேர்தல்’ என்னும் இலக்கை ஏற்கின்றார். நட்பினைப் பயன், இன்பம், நற்பண்பு என்னும் மூன்றன் அடியாக வகுத்தார் அரிஸ்டோட்டில். சமநிலத்தில் முதலிரண்டும் போதும். ஏற்றத்திலேதான் மூன்றாவது உண்டா இல்லையா என்பது தெரியவரும்.

காத்திருத்தலிலும் இரு வகை உண்டு. முன்சென்றவர் வளைவில் நின்று நன்றாக இளைப்பாறுகின்றார்; பின்வந்தவர் மூச்சிரைக்க வந்துசேர்ந்த அக்கணமே “சரி, போவோம்” என்று புறப்படுகின்றார். இளைப்பாறல் மிகுதியும் தேவைப்பட்டவருக்கு அது கிடைப்பதேயில்லை. இது காத்திருத்தலின் உருவம் மட்டுமே. பின்வந்தவரும் மூச்சாறும்வரை நிற்றலே உண்மையான காத்திருத்தல். மற்றவரின் களைப்பைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்வதே உடன்செல்லுதலின் சாரம் எனலாம்.

அவ்வாறாயின் எந்நிலையிலும் பிரிதல் தவறாகுமா? ஆகாது. 1923ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து ஆறு இளைஞர் துவிச்சக்கர வண்டிகளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பம்காரா ஆகிய மூவரே ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர் கடந்து 1928இல் ஊர் திரும்பினர். இடைவழியிற் பிரிந்த மூவருள் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். தம் விருப்பால் விலகுபவரை உடன்வருமாறு கட்டாயப்படுத்தல், அவரை நம் வெற்றிக்குரிய கருவியாகக் கொள்வதாகும். மனிதரை வெறுங்கருவியாகக் கொள்ளலாகாது என்பது காண்ட் வகுத்த நெறி. விலகுபவர் தாமே விடைபெறுதல் வேறு. பின்தங்கியவர் கைவிடப்படுதல் வேறு.

இவ்விரண்டிற்கும் அப்பால் கடினமான மூன்றாவது நிலையொன்றுண்டு. மகாபாரதத்தின் இறுதிப் பயணத்திலே திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். தருமன் ஒவ்வொருவரின் குறையையும் எடுத்துக்கூறி, நில்லாது நடக்கின்றான். ஆயினும், துணைவந்த நாயை விட்டு விண்ணுலகம் புக மறுப்பவனும் அவனே. நரகத்தில் உடன்பிறந்தாரின் குரல் கேட்டு அங்கேயே தங்கத் துணிபவனும் அவனே. பின்தங்கியோரின் குறையை எண்ணுவது பயணத்தின் முடிவாகாது என்பதைக் காப்பியமே உணர்த்துகின்றது.

மலையகத்தார்க்கு இது வெறும் காப்பியச் செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியில் மடிந்தனர். நோயுற்றவரோடு தங்கின் தாமும் மடிய நேரும் என்ற நிலையில் உயிருள்ளோர் நடந்தனர். அவர்களை அறமற்றோர் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. காத்திருத்தலின் விலை நுவரெலியா வீதியில் அரைமணி நேரம். மன்னார்க் காட்டிலோ அது உயிர். கடமை அதன் விலையோடு சேர்த்தே நிறுக்கப்படல் வேண்டும். உயிரை விலையாகக் கேட்கும் வழியில் மனிதரைச் செலுத்தியோர்மீதே அப்பழி சாரும்.

எனினும் அன்று நிற்க முடியாமற்போன கடமை அழிந்துவிடவில்லை. அது பின்வந்தோரிடம் கையளிக்கப்பட்டது. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. பெயர் அறியப்படாது வழியில் வீழ்ந்தோருக்காக அவ்வழியிலேயே மீண்டும் நடத்தலும் ஒரு வகைக் காத்திருத்தலே.

ஆதலின், இருவர் தொடங்கிய பயணத்தின் நிறைவைத் தூரத்தால் மட்டும் அளத்தல் பொருந்தாது. நிற்க இயன்றபோது நின்றோமா, விடைபெற்றவரை மனமொப்பி வழியனுப்பினோமா, நிற்க இயலாதபோது விட்டுவந்தோரை நினைவிற் கொண்டோமா என்னும் மூன்றும் சேர்ந்தே அதன் அளவுகோலாகும். வீதியின் உச்சியை முதலில் அடைந்தவர் யாரென்பது, இவற்றின்பின் கேட்கப்படும் சிறிய வினாவே.