கண்ணாடி கேட்காத கேள்வி

‘மிரர்ஸ் 2’ நல்ல படம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010இல் அமெரிக்காவில் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக டிவிடியில் இறங்கிய படம். விக்தோர் கார்சியா இயக்கியது. இரண்டு வருடம் முன்பு அலெக்சாந்த்ர் அஜா எடுத்த ‘மிரர்ஸ்’ படத்தின் பெயர், அதில் வந்த மேஃபிளவர் என்ற கடையின் பெயர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்கு என்ன நடக்கிறதோ அதுவே வெளியே நிற்பவருக்கும் நடக்கும் என்ற சங்கதி, இவை மூன்றும்தான் அங்கிருந்து இங்கே வந்தவை. போன மாதம் என் மகளுடன் உட்கார்ந்து பார்த்தேன். பேய்ப் படம் என்றால் அவளுக்கு உயிர். பாதியிலேயே, “செம மொக்கைம்மா” என்று போனை எடுத்துக்கொண்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேய்க்குப் பயந்து அல்ல.

கதை இதுதான். நியூ ஆர்லியன்ஸில் மேஃபிளவர் கடை புதிதாகத் திறக்கப்போகிறது. விபத்தில் வருங்கால மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்வில் உழலும் மேக்ஸ், அங்கே இரவுக் காவலாளியாகச் சேர்கிறான். கடை அவன் அப்பாவுடையது. கண்ணாடியில் ஒரு பெண் தெரிகிறாள். பெயர் எலினோர். அந்தக் கடையில் வேலைக்கு வந்தவள், காணாமல் போனவள். அவளுக்குப் போதை மருந்து கொடுத்திருக்கிறார்கள், அவள் கொல்லப்பட்டிருக்கிறாள். அக்கா எலிசபெத் தேடிக்கொண்டிருக்கிறாள். கடை ஆட்கள் ஒவ்வொருவராக, தங்கள் பிம்பத்துக்கு நேர்வது தங்களுக்கும் நேர்ந்து சாகிறார்கள்.

முதல் படத்தின் பேய் வேறு. அதில் கண்ணாடிக்குள் இருந்தது ஒரு சாத்தான். முன்பு அன்னா எஸ்ஸெக்கர் என்ற பெண்ணைப் பிடித்திருந்தது. மனநோய் என்று சொல்லி, அவளைச் சுற்றிலும் கண்ணாடிகளை வைத்து உட்கார வைத்தார்கள். சாத்தான் அவளை விட்டுக் கண்ணாடிகளுக்குள் புகுந்தது. அவள் கன்னியாஸ்திரியாகி மடத்தில் நிம்மதியாக இருக்கிறாள். கதாநாயகன் தன் மனைவி மக்களைக் காப்பாற்றுவதற்காக அங்கே போய், துப்பாக்கி முனையில் அவளை இழுத்து வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைக்கிறான். அவன் குடும்பம் பிழைக்கிறது. அவள் கதி? அதற்காக யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. இந்த இரண்டு படங்களுக்கும் மூலம் 2003இல் கிம் சங்-ஹோ எடுத்த கொரியப் படம். அதில் கண்ணாடிக்குள் இருந்து பழிவாங்குவது கொலை செய்யப்பட்ட ஒரு பெண். ஹாலிவுட் முதலில் அவளை எடுத்துவிட்டுச் சாத்தானை வைத்தது. இரண்டாம் பாகம்தான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வகையில் மொக்கைப் படத்துக்குத்தான் என் ஓட்டு விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. எலினோர் யார், என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியாது. பயமுறுத்த மட்டும் வருகிறாள். அவள் பழிவாங்கும் காட்சியையும் அவளுக்காக எடுக்கவில்லை. ஜென்னா என்று ஒரு பெண், கடை நிர்வாகத்தில் இருப்பவள், குளியலறையில் கண்ணாடியால் தலை துண்டாகிச் சாகிறாள். சாவுக்கு முன்னால் கேமரா அவள் நிர்வாண உடம்பின் மீது ஆற அமர நிற்கிறது. டிஸ்னி தொலைக்காட்சியில் சிறுமியாக நடித்துப் பேர் வாங்கிய நடிகை அவர். இப்படிப் பார்க்க ஆள் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்திருப்பார்கள் போலும். ஆண் பார்வைக்காகச் சினிமா எப்படிக் கட்டப்படுகிறது என்று லாரா மல்வி 1975லேயே எழுதிவிட்டார். அதையே மறுபடி எழுத நான் உட்காரவில்லை.

எனக்குச் சிக்கியது ஜென்னாதான். அவள் பங்கு எவ்வளவு என்று படம் நின்று கேட்பதே இல்லை. கை வைத்தவனுக்கும், தெரிந்தும் பேசாமல் இருந்தவளுக்கும் என்ன வித்தியாசம்? பேயின் பட்டியலில் எல்லோரும் ஒரே வரிசை. கதை முடிந்து வெகுநேரம் கழித்து என் மனசு ஒரு கேள்வி கேட்டது: அந்தப் பட்டியலில் நீ எத்தனையாவது?

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். தூணுக்குத் தூண் கண்ணாடி. புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பவர்களுக்காக வைத்தது. சேல்ஸ் பெண்கள் சாய்ந்து நிற்கிறார்களா என்று சூப்பர்வைசர் நோட்டம் விடவும் அதுவே வசதி. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான்.) அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயர் இல்லை. பத்தொன்பது வயது இருக்கும். கடை ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒருநாள் என் கவுன்டருக்கு வந்து, “அக்கா, குடோன்ல இருந்து பெட்டி எடுக்கணும், கூட வர்றீங்களா?” என்றாள். பில்லுக்கு வரிசை நின்றது. “அப்புறம் வரேன், நீ போ” என்றேன். அந்த வாரத்தில் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் வரிசை நின்றது. மூன்றாவது நாள் எதிர்த் தூண் கண்ணாடியில் பார்த்தேன். அவள் குடோன் பக்கம் போகிறாள், பத்தடி விட்டு அந்த ஆள் பின்னாலேயே போகிறான். அவனைப் பற்றிக் கடையில் எல்லோருக்கும் தெரியும். நான் குனிந்து அடுத்த பில்லைப் போட்டேன். திரும்பி நேராகப் பார்க்கவில்லை. கண்ணாடியில்தானே பார்த்தோம் என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். “வீட்டுல மாப்பிள்ளை பாத்திருக்காங்களாம்” என்றார்கள். யார் அதை முதலில் சொன்னது என்று தெரியாது. கேட்டவர்களிடம் நானும் அதையேதான் சொன்னேன். குனிந்ததைக்கூடப் பயம் என்று சொல்லிவிடலாம். இதை என்னவென்று சொல்வது?

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பன்வாரி தேவியின் போராட்டத்தைத் தொடர்ந்து, 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. எங்கள் கடையில் அப்படி ஒன்று இருப்பதாக யாருக்கும் தெரியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பிறகு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழு வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் தருவார்கள். பேய்க்கு இந்தக் கெடு கிடையாது, அதனால்தான் பேயாக வருகிறாள் என்று கசப்பாகத் தோன்றியது. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு வரி உண்டு. பாதிக்கப்பட்ட பெண் இறந்துபோயிருந்தால், நடந்ததை அறிந்த எவரும் அவளுடைய வாரிசின் எழுத்து மூலமான சம்மதத்துடன் புகார் தரலாம். சட்டம் செத்தவளையும் யோசித்திருக்கிறது. அவளுக்காக அது தேடுவது பழிவாங்குகிறவரை அல்ல, ‘அறிந்தவரை’.

எலினோரும் அப்படி ஒருவரைத் தேடுகிறாள். ஆனால் படம் அவளுக்குக் கொடுத்த ஆள் மேக்ஸ். அன்று அந்த இடத்தில் இல்லாதவன், கை சுத்தமானவன். அவனுக்குள் இருக்கும் குற்ற உணர்வுகூட வேறு ஒரு பெண்ணின் சாவைப் பற்றியது. அவன் கண்ணாடியைப் பார்ப்பதில் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவன் வழியாகப் பார்க்கிற நமக்கும் இல்லை. அந்தக் கண்ணாடி ஜென்னாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தலையை வெட்டாமல் அவளைப் பேசவிட்டிருந்தால்? சொன்னால் வேலை போகும், பெயர் போகும், தானும் மாட்டுவாள். அந்தப் படம் ஒன்றரை மணி நேரமும் என்னை நகரவிட்டிருக்காது. அவளைக் கொன்றதில் படம் அவளுக்கு ஒருவகையில் சலுகை காட்டிவிட்டது. அவள் ஒரு வார்த்தைகூடச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று ஹன்னா ஆரெண்ட் பிரித்தார். குற்றம் தனி ஆள் செய்த செயலுக்கு; பொறுப்பைக் கூட்டமாகவும் சுமக்கலாம். இதைப் படித்த காலத்தில் ஒரு ஆறுதலோடு இரண்டாவது பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சமூகம், வறுமை, ஹாஸ்டல், வேலை போய்விடும் என்ற பயம் என்று அந்தப் பெட்டியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இடித்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் ஆரெண்டின் கணக்கையே கறாராகப் போட்டால், கழுத்தைக் குனிந்தது சமூகம் இல்லை. மாப்பிள்ளைக் கதையைச் சொன்னதும் என் வாய்தான்.

படம் பார்த்த மறுவாரம் அங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்குப் போன் செய்தேன். செல்வியின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டேன். “இப்ப எதுக்குக்கா?” என்றாள். சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து நம்பர் வந்தது. செல்விக்கு இரண்டு பிள்ளைகளாம், வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறாராம். அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறான் என்பது தோழிக்கும் தெரியவில்லை.

இன்னும் கூப்பிடவில்லை. நான் பார்த்தேன் என்று சொல்வது யாருக்காக? அவள் மறந்திருக்கலாம். மறக்காமல், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ஒரு வாழ்க்கையைக் கட்டி எழுப்பியிருக்கலாம். பக்கத்தில் வீட்டுக்காரர் இருக்கும்போது என் போன் அடித்தால்? என் பாரத்தை இறக்கிவைக்க அவள் வீட்டுக் கண்ணாடியில் போய் நிற்கிற பேயாக நான் ஆகிவிடுவேன். கூப்பிடாமல் இருந்தாலோ, மறுபடியும் வரிசை நிற்கிறது என்றுதானே அர்த்தம்? அன்று அவள் கேட்டது ‘கூட வர்றீங்களா’ என்று மட்டும்தான். இப்போது எதைக் கேட்பாள் என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எப்படி இருக்கிறாய், நான் பில்லிங் அக்கா பேசுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை அவளிடம் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பகல் பதினொரு மணிக்கு மேல் வீட்டில் தனியாக இருப்பாளாம். தோழி சொன்னாள்.