கடலைக் கடக்கும் உரிமை

ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, மிக ஒடுங்கிய இடத்திலே ஏறத்தாழ 14 கிலோமீற்றர் அகலமே உடையது. வானம் தெளிந்த நாளில் ஒரு கரையில் நிற்பவன் மறுகரையின் மலைகளைக் கண்ணாரக் காணலாம். ஆண்டுதோறும் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை இந்நீரிணையின் துறைமுகங்களிலே ஒரு பெருங்காட்சி நிகழ்கிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் உழைக்கும் மொறொக்கோ மக்கள், மனைவி மக்களோடு சொந்த மோட்டார் வண்டிகளிலே இரவு பகலாக ஓடி, ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள அல்ஜெசிராஸ் துறையை அடைகின்றனர். பிரசெல்ஸ் நகரிலிருந்து வருவோர்க்கு இது 2,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. வண்டிக் கூரைகளின்மேல் மூட்டைகள், கம்பளங்கள், துவிச்சக்கர வண்டிகள். கப்பலின் கதவு திறக்கிறது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வயிற்றினுள் நுழைகின்றன. 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்பானியத் துறைமுகங்கள் வழியாக இவ்வாறு போய் வந்த பயணிகள் 30 இலட்சத்துக்கும் அதிகம். வண்டிகள் 7 இலட்சத்துக்கும் அதிகம்.

இம்மக்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். 1963இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும், 1964இல் பெல்ஜியமும், 1969இல் நெதர்லாந்தும் மொறொக்கோவுடன் தொழிலாளரைத் திரட்டும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கைகள் தேவைப்பட்டன, கைகள் அழைக்கப்பட்டன. அக்கைகளோடு மனிதரும் வந்தனர். இன்று அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் வண்டியோடு தாயகம் செல்கையில், அவ்வண்டியிலே ஒரு தலைமுறையின் உழைப்பு ஏறியிருக்கிறது. அப்பயணத்தை ஆடம்பரம் என இகழ நாம் ஒருப்படோம்.

நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. கடலைக் கடக்கும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது?

வண்டியின் கதையை முதலிலே பார்ப்போம். அந்நிய நாட்டு வண்டி ஒன்று எல்லைக்கு வரும்போது அரசுக்கு இரண்டு அச்சங்கள் எழுகின்றன. அது எவரையேனும் மோதிவிட்டால் நட்ட ஈடு தருவது யார்? தீர்வை செலுத்தாமல் இங்கேயே தங்கிவிட்டால் என் செய்வது? முதலாவது அச்சத்துக்கு 1953இல் நடைமுறைக்கு வந்த பச்சை அட்டைக் காப்புறுதி முறை விடை கண்டது. இரண்டாவதற்கு 1954இல் ஐக்கிய நாடுகளின் ஆதரவிலே நியூயோர்க்கில் உருவான சுங்க உடன்படிக்கை வழி வகுத்தது. வண்டி திரும்பிச் செல்லும் என்ற உறுதியின்பேரில் அது தீர்வையின்றி அனுமதிக்கப்படலாம்; திரும்பாவிடின் தீர்வையைச் செலுத்த மோட்டார்ச் சங்கங்கள் பிணை நிற்கும். இது நல்ல ஏற்பாடே. ஒரு வண்டி தங்கிவிடக்கூடும் என்பதற்காக எல்லா வண்டிகளையும் தடுக்காமல், நம்பிக்கைக்கு ஒரு ஸ்தாபனத்தையே அமைத்தார்கள்.

மனிதனின் கதை வேறு விதமாயிற்று. 1974இல் பிரான்சும் பெல்ஜியமும் தொழிலாளர் வருகையை நிறுத்தின. 1991இல் ஸ்பெயின் மொறொக்கோ மக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 1988 நவம்பரில், தாரிஃபாக் கடற்கரையிலே கவிழ்ந்த படகொன்றில் வந்தோரின் உடல்கள் ஒதுங்கின. கதவு இறுக இறுகச் சிறு மரப்படகுகள் பெருகின. தம் அடையாளப் பத்திரங்களை எரித்துவிட்டுப் புறப்படும் இவ்விளைஞர்களை ‘ஹர்ராகா’, அதாவது எரிப்பவர்கள், என வட ஆபிரிக்க மக்கள் அழைக்கின்றனர். கப்பலில் ஒருமணி நேரமளவில் கடக்கும் நீரிலே அன்று முதல் இன்றுவரை எண்ணற்றோர் மாண்டுவிட்டனர்.

2015 மே மாதத்தில், ஆபிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகராகிய செயுத்தாவின் எல்லையிலே ஒரு பயணப்பெட்டி சோதிக்கப்பட்டது. ஊடுகதிர்த் திரையிலே சுருண்டு கிடந்த ஒரு சிறுவனின் உருவம் தெரிந்தது. ஐவரி கோஸ்ற் நாட்டைச் சேர்ந்த அவனுக்கு வயது 8. அவனுடைய தந்தை ஸ்பெயினில் சட்டப்படி வாழ்ந்தவர். ஆயினும் மகனை அழைத்துக்கொள்ளச் சட்டம் கேட்ட வருமானம் அவரிடம் இருக்கவில்லை. பெட்டிக்குக் கிடைத்த வழி பிள்ளைக்குக் கிடைக்கவில்லை; ஆகவே பிள்ளை பெட்டிக்குள் போயிற்று.

“வண்டியையும் மனிதனையும் ஒப்பிடுவது தகுமோ? வண்டிக்குப் பசியில்லை, அது வேலை கேட்பதில்லை. வந்தவன் குறைந்த கூலிக்கு உழைத்தால் உள்ளூர்த் தொழிலாளியின் வயிற்றிலன்றோ அடி விழும்?” என ஒருவர் வினவலாம். இது புறந்தள்ளக்கூடிய வினாவன்று. கேட்பவர் பலவேளை தொழிலாளியே. ஆனால் கூலியைக் குறைப்பது எது? அந்நியன் வருவதா, அல்லது உரிமையின்றி வருவதா? பத்திரமில்லாதவன் முறையிட முடியாது, வேலைநிறுத்தத்தில் நிற்க முடியாது, நாளை நாடு கடத்தப்படுவோமோ என்ற பயத்திலே எக்கூலியையும் ஏற்பான். அவனது உரிமையின்மையே முதலாளியின் இலாபம். ஆகவே உள்ளூர்த் தொழிலாளியின் நலன் வந்தவனுக்கு உரிமை கிடைப்பதிலேயே தங்கியிருக்கிறது.

எனினும், எல்லைகளை இன்றே அழித்துவிடலாம் என நாம் கனவு காணவில்லை. தன் நாட்டுக்குள் வருவோரை அறிந்துகொள்ளும் உரிமை ஒரு சமுதாயத்துக்கு உண்டு. எமது குறை, அந்த உரிமை எவ்வளவுகோலால் பிரயோகிக்கப்படுகிறது என்பதே. விசா கேட்பவனிடம் வங்கிக் கணக்கைக் காட்டு, வேலையைக் காட்டு, சொத்தைக் காட்டு என்கிறார்கள். வண்டிக்கு ஒரு சங்கம் பிணை நிற்கிறது. ஏழைக்கோ அவனிடம் இல்லாத செல்வமே பிணையாகக் கேட்கப்படுகிறது. நம்பிக்கை உடைமைக்கு வழங்கப்படுகிறது. உடையவனுக்கு அது நிழலாக வந்து சேர்கிறது.

1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 13ஆம் உறுப்புரையிலே, எவரும் எந்த நாட்டையும் விட்டு வெளியேறலாம், தம் நாட்டுக்குத் திரும்பலாம் எனக் கூறுகிறது. ஆனால் வேறொரு நாட்டினுள் நுழையும் உரிமையைப் பொதுவாக எவருக்கும் அது வழங்கவில்லை. புறப்பட உரிமையுண்டு, போய்ச்சேர உரிமையில்லை எனில், அவ்வுரிமை நடுக்கடல் வரைக்கும் உரியதன்றோ? ஜெர்மானிய தத்துவஞானி கான்ற் 1795இலேயே, பூமியின் பரப்பு மனிதர் யாவர்க்கும் பொதுவாதலால், அந்நியனாய் வருபவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையுடையவன் என வாதித்தார். விருந்தாளியாகத் தங்கும் உரிமையை அவர் கொடுக்கவில்லை. வருகை தரும் உரிமையை மட்டுமே கொடுத்தார். அந்தச் சிறு உரிமைகூட இன்று கைகூடவில்லை.

அப்படியாயின், கப்பலின் மேற்தளத்திலே பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டி நிற்கும் அத்தொழிலாளி குற்றவாளியா? அல்லன். ஊர் போய்ச் சேர்வது பாவமன்று. பிறனிடம் இல்லாதது தன்னிடம் இருப்பதனாலேயே ஒருவன் பிழை செய்தவன் ஆகான். ஆனால் தனக்குக் கிடைத்த வழி ஒப்பந்தங்களாலும் போராட்டங்களாலும் அமைந்தது என்பதை மறந்து, அது தன் தகுதியின் பரிசு எனக் கருதும் கணத்திலே பிழை தொடங்குகிறது. தான் ஏறி வந்த ஏணியைத் தனக்குப் பின் எடுத்துவிடுமாறு கேட்பவர்களும் அவர்களுள் உண்டாகலாம். எந்நாட்டிலும் படித்து முன்னேறிய வகுப்பாருக்கு இந்நோய் புதிதல்ல. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாமும் அதற்கு விலக்கல்ல.

வண்டிகளுக்காக அரசுகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அச்சங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வழி கண்டன. மனிதருக்காக அதே பொறுமை காட்டப்படவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். தந்தையையும் பிள்ளையையும் வருமானத்தால் பிரிக்காத சட்டம், உரிமைகளோடு கூடிய பருவகால வேலை ஒப்பந்தம், ஏழைக்குப் பிணை நிற்கும் பொது ஸ்தாபனம் ஆகிய மூன்றும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையா? இரும்புக்குச் செய்ய முடிந்ததை உயிருக்குச் செய்ய முடியாது என்று கூறுவோர், முடியாமையைப் பற்றியன்று, விருப்பமின்மையைப் பற்றியே பேசுகின்றனர்.