துருவும் மனச்சாட்சியும்



பூலோகத்தில் சேர்த்து வைக்கும் பொக்கிஷத்தைத் துரு அரித்துவிடும் என்று நம் ஆண்டவர் மலைமேல் போதித்ததைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பிற ஊராருக்கு அது வெறும் உவமையாயிருக்கலாம். கடலும் உப்பளமும் சூழ்ந்த நம் மாப்பிள்ளையூரணியாருக்கோ அது கண்கண்ட சங்கதி. சன்னல் கம்பியும், சைக்கிள் சங்கிலியும், வள்ளத்து நங்கூரமும் நம் கண்முன்னே தேய்ந்து போகின்றன. ஆகையால் இவ்வாரம் இரும்பைப் பற்றியே சிறிது தியானிப்போம்.

துரு என்பது என்ன? இரும்பு ஈரத்தில் பிராணவாயுவோடு சேர்ந்து மண்ணாவதே துரு. உப்பு அதைத் துரிதப்படுத்துகிறது. பூமியில் வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவும் ஏறக்குறைய இதே பொருள்தான். ஊதுலையில் நிலக்கரியைக் கொண்டு அந்தப் பிராணவாயுவைப் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். பிரிந்த வாயு கரியோடு சேர்ந்து, கரியமில வாயுவாய் வானில் ஏறுகிறது. உலை பிரித்ததை நம் கடற்காற்று மறுபடி சேர்த்துவிடுகிறது. இரும்பு மண்ணுக்குத் திரும்பிவிடும்; உலையின் வாயுவோ நெடுங்காலம் வானில் தங்கிவிடும்.

இரும்பு நமக்குப் புதிதல்ல. நம் ஜில்லாவின் சிவகளையில் கிடைத்த இரும்பு 5,000 ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வு சொல்லுகிறது. ஏரும் அரிவாளும் தூண்டில் முள்ளும் தந்த இரும்பு சர்வேசுரனுடைய கொடையே. அதைப் பழிக்கலாகாது. ஆனால் அளவு மிஞ்சினால் சிருஷ்டி தாங்காது. 1830-ஆம் ஆண்டு வாக்கில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவை உருக்குவதற்காகக் காட்டு மரங்களைக் கரியாக்கினார்கள். மரம் அருகியது, கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. சில பத்தாண்டுகளில் அந்த ஆலை ஓய்ந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று மரத்துக்குப் பதில் நிலக்கரி எரிகிறது. 2023-இல் உலகம் உருக்கிய எஃகு ஏறத்தாழ 189 கோடி டன். அதில் நம் தேசத்தின் பங்கு சுமார் 14 கோடி டன். ஒவ்வொரு டன்னுக்கும் சராசரி சுமார் 2 டன் கரியமில வாயு புறப்படுகிறது. இவ்வாயு பெருகப் பெருகக் கடலும் சூடேறுகிறது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் மிஞ்சிச் சூடானதால் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வெளுத்தன. மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் வீடு அது. எங்கோ எரியும் உலைக்கு நம் கடலும் கணக்குக் கொடுக்கிறது.

“இதில் நாங்கள் என்ன செய்ய, சாமி?” என்று கேட்பீர்கள். மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கொத்தனார்களே, காண்டிராக்டர்களே! காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குச் சிமெண்டே காவல். உவர்நீரிலும் கழுவாத கடல் மணலிலும் கலவை போட்டால் உப்பு அந்தக் காவலை அழித்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே நெருக்கித் தளத்தைப் பிளக்கும். கடன்பட்டுக் கட்டிய ஏழையின் கூரை சில ஆண்டுகளிலேயே பிள்ளைகள் தலைமேல் உதிர்ந்தால், நல்ல தண்ணீருக்கான காசை மிச்சம் பிடித்தவன் ஏழாம் கற்பனையை மீறியவனே. உயிருக்கு ஆபத்து வந்தால் ஐந்தாம் கற்பனையும் அவனைக் கேள்வி கேட்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் மாத்திரம் போதாது. நஷ்டத்தை ஈடுசெய்யவும் வேண்டும்.

இரண்டாவது, குடும்பத்தாரே! துருவைச் சுரண்டிக் காலத்தில் வர்ணம் பூசுங்கள். கடலிலிருந்து ஏறிய நங்கூரத்தையும் சங்கிலியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மிஞ்சி மாடிமேல் மாடி எழுப்பாதேயுங்கள்.

மூன்றாவது, பழைய இரும்பைக் கடலிலும் ஓடையிலும் எறியாதேயுங்கள். அது மறுபடியும் உலைக்குப் போகட்டும். 1 டன் பழைய இரும்பை உருக்கினால் சுமார் 1.4 டன் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும். வீடு வீடாய் வந்து பழைய இரும்பு கேட்கும் மனிதரை அற்பமாய் எண்ணி விரட்டாதேயுங்கள். அவர் தம் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் தொழில் சிருஷ்டிக்கும் ஊழியமாயிருக்கிறது.

நாசரேத்தூர்ப் பட்டறையில் அர்ச். சூசையப்பர் தம் உளியையும் வாளையும் துருவேற விட்டிருப்பாரா? அவை அத்திருக்குடும்பத்துக்குச் சோறு போட்ட கருவிகள் அல்லவா? நம் வீட்டு இரும்பையும் சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்த பொருளாகக் காப்போம். இன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பனிமய மாதா நம் கடலையும், கரையையும், நம் பிள்ளைகள் உறங்கும் கூரைகளையும் காத்தருள்வார்களாக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்