பொந்து இல்லாத பிள்ளைகள்

வீட்டுக்காக ஒருவர் தன் வாழ்வைத் தள்ளிவைப்பது அன்பினாலா, போக்கிடம் இல்லாததாலா? போக்கிடம் இல்லாமல் செய்த தொண்டு அறத்தில் சேருமா? பிழைப்புக்காக வட கரோலினாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, இந்தக் கேள்வியை ஒரு மரங்கொத்தி கூர்மையாக்கியது.

ரெட் காக்கேடட் என்பது இங்கே அதன் பெயர். மைனாவை விடச் சற்றுச் சிறியது. முதுகில் கறுப்பு வெள்ளை வரிகள், கன்னத்தில் அகன்ற வெள்ளை. சதர்ன் பைன்ஸ் ஊரை ஒட்டிய வேமவுத் காட்டில் விடியலில் நின்றால், ஒவ்வொன்றும் தனித்தனிப் பொந்திலிருந்து வந்து குடும்பமாகக் கூடி, கத்திக்கொண்டே இரைக்குக் கிளம்பும். ஒரு ஜோடி, கூடவே, முந்தைய ஆண்டுகளில் பிறந்த மகன் ஒன்றோ இரண்டோ. மகள்கள் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே போய்விடும். தங்கிய மகன்கள் தாயின் புது முட்டைகளை அடைகாக்கும், குஞ்சுகளுக்குப் பூச்சி ஊட்டும், எல்லையைக் காக்கும்.

காரணம் பொந்துதான். இது பட்ட மரத்தைக் குடைவதில்லை. உயிருள்ள முதிய பைனைத்தான் குடையும். உள்வயிரம் பூஞ்சையால் இளகியிருந்தால் நல்லது. அப்போதும், கசியும் பிசினோடு மல்லாடி ஒரு பொந்தை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். முதிய மரங்களில் பெரும்பாலானவற்றையோ மனிதர்கள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். வெறுங்காட்டில் புதுக்குடி தொடங்குவதைவிட, அப்பாவின் இடம் காலியாகும்வரை காத்திருப்பதே மேல்.

ஜெஃப்ரி வால்ட்டர்ஸ், கரோல் கோப்பியன், ஜே கார்ட்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த மாநிலத்தின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் இந்தப் பறவை குடியில்லாத 20 இடங்களில் மரங்களைத் துளைத்துப் பொந்து அமைத்தார்கள். அதேபோன்ற இன்னொரு 20 இடங்களை அப்படியே விட்டார்கள். பொந்து வைத்ததில் 18 இடங்களில் பறவைகள் குடியேறின. மற்றவற்றில் ஒன்றில்கூட இல்லை. வீட்டில் துணைநின்ற மகன்களும் குடியேறியவற்றில் இருந்தன. 1992இல் வெளியான அந்த முடிவைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பெரியண்ணனை நினைத்துக்கொண்டேன். அப்பா போனபின் மூன்று தங்கைகளைக் கரையேற்றியவர். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "இவளுக்கு முடியட்டும்" என்பார். ஊரே அவரைத் தியாகி என்றது. வாசல் திறந்திருந்தால் அவரும் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டால், அவர் செய்தது சிறுத்துவிடுமா? இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். குஞ்சின் வாயில் விழுந்த பூச்சி நிஜம். எங்கள் பள்ளிக்கூடச் சம்பளம் நிஜம். அறத்தை அளக்க மனத்தைக் கிளறவேண்டியதில்லை. பசி ஆறியதா என்று பார்த்தால் போதும்.

பிழை எங்கள் பக்கம். பலன் கருதாத கடமையை ஒருவர் தானே ஏற்கலாம். கீதையைக் காட்டி இன்னொருவர் தலையில் ஏற்றக் கூடாது. அண்ணனைப் புகழ்ந்த உறவுகளில் ஒருவர்கூட அவருக்கு ஒரு பெண் பார்க்கவில்லை, தனியாகக் குடிவைக்க வழி செய்யவில்லை. புகழுக்குச் செலவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தியாகி என்று சொல்வதை நிறுத்துங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று இந்த வாரமே கேளுங்கள்.