பின்னணியை எந்த இடத்தில் கேட்பது?

1993-இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவரைத் திருட்டு சந்தேகத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்கள். ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். படத்தில் அவர் இருளர். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இலேயே ரத்தாகிவிட்டது. ‘நீ என்ன ஆளு?’ என்ற கேள்வி ரத்தாகவில்லை. பின்னணி அங்கே காவல் நிலைய வாசலிலேயே கேட்கப்பட்டுவிடுகிறது.

என் கேள்வி வழக்கின் மறுமுனை பற்றியது. குற்றம் உண்மையாகவே நடந்திருக்கிறது. அதுவும் பாலியல் வன்கொடுமை, அதுவும் இரண்டாம் முறை. செய்தவன் பழங்குடி. தண்டனை சொல்லும் நாளில் நீதிபதி அந்தச் சமூகத்தின் வரலாற்றைக் கணக்கில் எடுக்கலாமா?

கூடாது என்கிறது நம் உச்ச நீதிமன்றம். கர்நாடக அரசு எதிர் கிருஷ்ணப்பா வழக்கில், ஒரு சிறுமியை வன்கொடுமை செய்தவருக்கு விதித்த 10 ஆண்டுகளை உயர் நீதிமன்றம் 4 ஆகக் குறைத்திருந்தது. படிக்காதவர், நலிந்த பிரிவினர், குடிக்கு அடிமை என்பவை காரணங்கள். 2000-இல் உச்ச நீதிமன்றம் பழைய 10 ஆண்டுகளையே திரும்ப விதித்தது. சாதி, மதம், சமூகப் பொருளாதார நிலை எதற்கும் தண்டனையில் இடமில்லை என்றது. இன்று சட்டம் இன்னும் கடுமை: மறுபடி செய்தவருக்கு ஆயுள் சிறை, அதாவது சாகும்வரை, இல்லையென்றால் தூக்கு.

கனடா நேரெதிர். பூர்வகுடிகளின் சூழ்நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று 1996 முதல் அங்கே சட்டமே சொல்கிறது. 2012-இல் வந்த இபீலீ தீர்ப்பு இதில் முக்கியமானது. இபீலீ ஓர் இன்யூட். சிறுவயதில் தாயை இழந்தவர், சிறுவயதிலேயே குடியில் விழுந்தவர். பாலியல் வன்கொடுமைக்காகச் சிறையிலிருந்து வெளிவந்து நீண்டகாலக் கண்காணிப்பில் இருந்தவர். குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதற்கு 3 ஆண்டு விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை 1 ஆண்டாக்கியது. இதைக் கவனிக்கணும்: குறைந்தது குடித்ததற்கான தண்டனை, வன்கொடுமைக்கானது இல்லை. ஆனால் இந்தக் கொள்கை கடுமையான குற்றங்களுக்கும் பொருந்தும் என்று அதே தீர்ப்பு சொன்னது.

எனக்கு இடிப்பது அங்கேதான். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கம் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெண்ணுக்கு இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தவன் வெளியாளாகவும் இருக்கலாம், அதே தெருக்காரனாகவும் இருக்கலாம். தெருக்காரன் என்றால், அவனுடைய வரலாறுதான் அவளுடையதும். அதே நிலமின்மை, சாதிச் சான்றிதழுக்கு அதே அலைச்சல், அதே போலீஸ் பயம். அவ்வளவையும் சுமந்த அவள் யாரையும் தாக்கவில்லை. அவனுக்குத் தள்ளுபடி கொடுத்தால் அந்தக் கணக்கை அவள்தான் கட்டுகிறாள்.

அப்படின்னா கிருஷ்ணப்பா தீர்ப்பு சரியா? பாதி சரி. ஆண்டுகளைக் குறைக்கப் பின்னணி வேண்டாம். ஆனால் ‘இரண்டாம் முறை’ என்ற சொல்லுக்குள் முதல் தண்டனையும் இருக்கிறது. அத்தனை ஆண்டுகள் அவன் அரசின் கையில்தான் இருந்தான். குடிக்குச் சிகிச்சை கொடுத்தார்களா? விடுதலை செய்தபோது அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொன்னார்களா? இதையெல்லாம் கேட்கத்தான் பின்னணி அறிக்கை வேண்டும்.

தூக்கு கேட்கும் வழக்குகளில் இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலூரில் நடக்கும் ஒரு சாதாரண போக்சோ வழக்கிலும் அதைக் கேட்கலாம். ஓராண்டுகூடக் குறைக்க வேண்டாம். மூன்றாவதாக ஒரு பெண் அந்த நீதிமன்றத்துக்கு வராமலிருக்க அது உதவும்.